குமிழியை நம்பி ஒயினை எடைபோடலாமா?

ஷாம்பெயின் ஊற்றிய கோப்பையைக் கையில் வாங்கியதும் கண் போவது குமிழிகள் மேல்தான். சன்னமான குமிழிகள் சரம் சரமாக ஏறினால் உசத்தி, பெரிதாகவோ அரிதாகவோ வந்தால் மட்டம் என்று பலரும் அப்போதே முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவுக்கு அடிப்படை மிகக் குறைவு. கோப்பையில் ஏறும் குமிழி ஒயினின் தரத்தைவிடக் கோப்பையின் நிலையைத்தான் அதிகம் காட்டுகிறது. ஒயினின் தரத்தை மூக்கும் நாக்கும்தான் சொல்ல வேண்டும்.

வாயு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்கலாம். பிரான்சின் வடகிழக்கே உள்ள ஷாம்பெயின் வட்டாரத்தில், ஒருமுறை நொதித்து முடிந்த ஒயினோடு லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புட்டியில் அடைக்கிறார்கள். உள்ளே மறுபடி நொதிக்கும்போது உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு வெளியேற வழியில்லாமல் ஒயினிலேயே கரைகிறது. புட்டிக்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல 6 மடங்கை நெருங்குகிறது. 750 மில்லி புட்டி ஒன்றில் கரைந்திருக்கும் வாயுவை வெளியே எடுத்தால் ஏறக்குறைய 5 லிட்டர் இருக்கும்.

இவ்வளவு வாயு கரைந்திருந்தும், குமிழி தானாகப் பிறப்பதில்லை. அது உருவாக, முன்பே கொஞ்சம் காற்று சிக்கியிருக்கும் நுண்ணிய இடம் ஒன்று வேண்டும். ரான்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜெரார் லிஜே-பெலேர் அதிவேகக் கேமராவால் இதைப் படம்பிடித்தார். கோப்பையைத் துடைத்த துணியிலிருந்தோ காற்றிலிருந்தோ வந்து ஒட்டிய, குழல் போன்ற செல்லுலோஸ் இழைகளிலிருந்துதான் பெரும்பாலான குமிழிகள் கிளம்புகின்றன. ஓர் இழையின் நீளம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே. அதன் உள்ளே சிக்கிய காற்றுப் பொட்டுக்குள் வாயு புகுந்து ஊதுகிறது. முனையில் ஒரு குமிழி பிரிகிறது. மிச்சக் காற்று அடுத்த குமிழிக்கு விதையாகிறது. நாம் வியக்கும் சரம் இதுதான். கடும் அமிலத்தால் இழையே இல்லாமல் சுத்தம் செய்த கோப்பையில் மிக உயர்ந்த ஷாம்பெயினை ஊற்றினாலும் குமிழி ஏறுவதில்லை. வாயு மேற்பரப்பு வழியே சத்தமில்லாமல் போய்விடுகிறது. தயாரிப்பாளர்கள் சிலர் கோப்பையின் அடியில் லேசரால் பொறித்துக் குமிழியை வரவழைப்பதும் இதனால்தான்.

“பழைய, நல்ல ஷாம்பெயினில் குமிழி சன்னமாக இருப்பது உண்மைதானே?” என்று கேட்கலாம். உண்மைதான். ஆண்டுக்கணக்கில் தக்கை வழியே வாயு கசிந்து குறைவதால் குமிழி அதிகம் பருப்பதில்லை. அது வயதின் அடையாளம். வயதான ஒயின் எல்லாம் நல்ல ஒயின் என்று ஆகாது. அதற்காகக் குமிழியை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடவும் முடியாது. மேலே வந்து வெடிக்கும் ஒவ்வொரு குமிழியும் நுண்துளிகளைத் தெறிக்கவிடுகிறது. மணம் தரும் சில சேர்மங்கள் ஒயினில் இருப்பதைவிட அந்தத் துளிகளில் செறிந்திருப்பதை 2009இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கண்ணுக்குக் காட்சியாகத் தெரிவது மூக்குக்கு மணத்தைச் சுமந்து வருகிறது. புட்டியில் மடிந்த ஈஸ்ட்டோடு மாதக்கணக்கில் கிடந்ததால் வரும் வறுத்த ரொட்டி வாசமும், பெரிய தொட்டியில் நொதிக்கவைக்கும் இத்தாலியப் புரோசெக்கோவின் பேரிக்காய் வாசமும் அந்த மணத்தில்தான் பிரிந்து தெரியும்.

ஆகவே ஊற்றும் முறைக்கு மெனக்கெடுவது பலன் தரும். கோப்பையைச் சாய்த்து, பக்கச் சுவர் வழியே ஊற்றினால் வாயு கூடுதலாகத் தங்குவதை 2010இல் அளந்தே காட்டினார்கள். வெப்பநிலை 8 முதல் 10 டிகிரி போதும். அதற்கும் கீழே குளிரவைத்தால் மணம் எழும்பாது. ஒடுங்கிய நெட்டைக் கோப்பையில் வாயு வாயருகே செறிந்து மூக்கைக் குத்தும், அதனால் நடுவில் அகன்று மேலே குறுகும் துலிப் வடிவக் கோப்பையே மேல். கடைசியில் ஒரு மடக்கை மிச்சம் வைத்து, வாயு அடங்கிய பிறகு சுவைத்துப் பாருங்கள். நாக்கைச் சுருக்கென்று குத்தும் வாயுவும் குளிரும் மறைத்திருந்த தித்திப்பு, புளிப்பு, கசப்பு மூன்றும் அப்போது தனித்தனியே தெரியும். தித்திப்புக் குறைவு என்று பொருள்படும் “புரூட்” என்ற சொல்லை அச்சிட்ட புட்டியில்கூட லிட்டருக்கு 12 கிராம் வரை சர்க்கரை இருக்க விதி இடம் தருகிறது. அந்தச் சர்க்கரை புளிப்போடு இழைந்து நிற்கிறதா, குறையொன்றை மூடத் தூவியதா என்பது அந்த மடக்கில் பிடிபடும்.