ஊழியரும் நண்பரும்: யோவான் நற்செய்தியில் நட்பும் அன்பும்

முன்னுரை

இறைவனுக்கும் மனிதனுக்கும் இடையிலான உறவைத் தந்தை – மகன், ஆண்டான் – அடிமை, ஆயன் – ஆடு எனப் பலவாறாகச் சமய நூல்கள் உருவகப்படுத்துகின்றன. இவற்றுள் நட்பு என்னும் உறவு அரிதாகவே இடம்பெறுகின்றது. நட்பு ஓரளவேனும் ஒப்புமையை வேண்டுவது இதற்குக் காரணமாகலாம். கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில், தமது நிக்கோமாக்கிய அறவியலில் நட்புக்கென்றே இரு பகுதிகளை ஒதுக்கியவர். அவரும் கடவுளைப் போன்று மிகத் தொலைவில் உள்ள ஒருவரோடு நட்பு நிலைத்தல் இயலாது என்றே கருதினார். இப்பின்னணியில், கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிக் கிரேக்கத்தில் எழுதப்பெற்ற யோவான் நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரம் தனிக் கவனத்திற்குரியதாகின்றது. அங்கே கிறிஸ்து தம் சீடரை நண்பர் என்று அழைக்கின்றார். அவ்வழைப்பின் பொருளையும், அது நம்பிக்கையாளர் ஒருவர்மேல் ஒருவர் கொள்ளும் அன்போடு எவ்வாறு பிணைந்துள்ளது என்பதையும், தமிழில் அது பெற்ற சொல்வடிவங்களையும் இக்கட்டுரையில் காண்போம்.

சொற்களும் பொருளும்

யோவான் ஆளும் கிரேக்கச் சொல் 'ஃபிலோஸ்' என்பதாகும். 'ஃபிலேயோ' என்னும் அன்பைக் குறிக்கும் வினையோடு உறவுடைய இச்சொல்லுக்கு 'அன்புக்குரியவர்' என்பதே அடிப்படைப் பொருள். இதற்கு எதிர்நிலையில் வரும் 'தூலோஸ்' என்னும் சொல்லோ அடிமையைக் குறிப்பது. ஊதியம் பெறும் வேலையாளை அன்று, விலைக்கு வாங்கப்பட்ட மனிதனையே அக்காலக் கிரேக்க வாசகர் இச்சொல்லால் உணர்ந்திருப்பர்.

1871இல் ஹென்றி பவர் தலைமையிலான குழுவினர் வெளியிட்ட ஐக்கிய மொழிபெயர்ப்பு இவ்விரு சொற்களையும் முறையே 'சிநேகிதர்', 'ஊழியக்காரர்' என்று தருகின்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு 'நண்பர்', 'பணியாளர்' என்னும் சொற்களைக் கொண்டுள்ளது. வடசொல்லின் இடத்தைத் தமிழ்ச்சொல் பெற்றது வரவேற்கத்தக்கதே. எனினும் இரு மொழிபெயர்ப்புகளிலும் அடிமை என்னும் சொல்லின் கடுமை தணிந்துவிடுவதை நாம் கவனித்தல் வேண்டும். பணியாளர் ஒருவர் நண்பராவது பதவி உயர்வு போலத் தோன்றும். அடிமை நண்பராவதோ நிலைமாற்றமாகும்.

'நட்பு' என்னும் தமிழ்ச்சொல் 'நள்ளுதல்', அதாவது செறிதல், பொருந்துதல் என்பதன் அடியாகப் பிறந்தது. கிரேக்கச் சொல் அன்பை முன்னிறுத்த, தமிழ்ச்சொல் நெருக்கத்தை முன்னிறுத்துகின்றது. திராட்சைக் கொடியோடு கிளைகள் இணைந்திருத்தல் என்னும் உவமையோடு இவ்வதிகாரம் தொடங்குவதால், தமிழ்ச்சொல்லின் வேர்ப்பொருளும் இவ்விடத்திற்கு இயல்பாகவே ஒத்துவருகின்றது.

நட்பின் அடையாளம்

அடிமையையும் நண்பரையும் வேறுபடுத்தும் எல்லைக்கோடாக யோவான் குறிப்பது அறிவாகும். தலைவன் செய்வதன் நோக்கம் அடிமைக்குத் தெரியாது. தந்தையிடம் கேட்ட அனைத்தையும் கிறிஸ்து நண்பர்களுக்கு அறிவித்துவிட்டார். மறைவின்மையே இங்கு நட்பின் இலக்கணமாகின்றது. நண்பருக்காக உயிரைத் தருதலே அன்பின் உச்சம் என்பதும் இவ்விடத்திலேயே கூறப்படுகின்றது.

ஆயினும் ஓர் ஐயம் எழுகின்றது. கட்டளையைக் கடைப்பிடித்தால் மட்டுமே சீடர் நண்பராவர் என்று அடுத்துள்ள வசனம் நிபந்தனை விதிக்கின்றது. கட்டளையிடுபவர் நண்பராதல் எங்ஙனம்? விடை அதே பகுதியின் அமைப்பில் உள்ளது. நட்பைப் பற்றிய கூற்றுக்கு முன்னும் (15:12) பின்னும் (15:17) ஒரே கட்டளை இரு வேலிகள் போல நிற்கின்றது. ஒருவர்மேல் ஒருவர் அன்பு கொள்ளவேண்டும் என்பதே அது. கிறிஸ்து தமக்கென ஒரு பணிவிடையைக் கேட்கவில்லை. தம் நண்பர்கள் தமக்குள் நண்பராக வாழ்வதையே கேட்கின்றார். எனவே கிறிஸ்துவோடு கொள்ளும் நட்பும் உடன் நம்பிக்கையாளரிடம் கொள்ளும் அன்பும் தனித்தனி அறங்கள் அல்ல; பின்னது இல்லாதவிடத்து முன்னது இல்லை.

இதே நற்செய்தியில் 'நண்பர்' என்னும் சொல் முற்றிலும் மாறான சூழலில் ஒருமுறை வருகின்றது. இயேசுவை விடுவித்தால் பிலாத்து பேரரசர் சீசரின் நண்பராக இருக்க இயலாது என்று கூட்டத்தினர் அச்சுறுத்துகின்றனர் (19:12). அங்கே நட்பு என்பது மேலோரின் தயவு. இழந்துவிடுவோமோ என்னும் அச்சத்தால் காக்கப்படுவது. அந்த நட்பைக் காக்கப் பிலாத்து குற்றமற்றவரைக் கையளிக்கின்றான். மற்றை நட்பிலோ நண்பருக்காகத் தலைவரே உயிர் துறக்கின்றார். இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது யோவானின் கருத்து தெளிவாகின்றது.

தமிழ்ச் சைவ மரபில் சுந்தரர் 'தம்பிரான் தோழர்' எனப் போற்றப்படுவதையும், அவருடைய நெறி சகமார்க்கம் எனப்படுவதையும் நாம் அறிவோம். திருவாரூரில் அடியாரை வணங்காது சுந்தரர் கோயிலுக்குள் சென்றபோது விறன்மிண்டர் அவரைப் புறம்பென ஒதுக்கினார் என்றும், அதன்பின்னரே திருத்தொண்டத்தொகை பிறந்தது என்றும் பெரியபுராணம் கூறும். இரு சமயங்களின் கோட்பாடுகளும் வேறானவை. ஆயினும் இறைவனின் தோழமை அடியாரை மதிப்பதிலேயே மெய்ப்படும் என்னும் உணர்வில் இரண்டும் நெருங்கி நிற்கின்றன எனலாம்.

சோதனைக் களங்கள்

இக்கோட்பாடு நடைமுறையில் எளிதாக நிலைபெறவில்லை. கொரிந்து நகர்ச் சபையாரின் பொது உணவில் செல்வர் முந்தி உண்டு நிறைய, வறியவர் பசித்திருந்தனர். பவுல் இதனைக் கடிந்து எழுதினார். ஒனேசிமு என்னும் அடிமையை அவனுடைய உரிமையாளரான பிலேமோனிடம் திருப்பி அனுப்பியபோது, அவனை அடிமையாக அன்றி அன்பார்ந்த சகோதரனாக ஏற்குமாறு அவரே வேண்டினார்.

தமிழகத்தில் இச்சோதனை சாதியின் வடிவில் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தரங்கம்பாடித் திருச்சபையிலேயே சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கம் இருந்தது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாடுகள் உடனே கைவிடப்படவேண்டும் எனச் சுற்றுமடல் விடுத்தார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. திருச்சபையை விட்டு விலகியோரும் உளர். சாதி சமூக மரியாதையே அன்றிச் சமயம் சார்ந்தது அன்று என்பது எதிர்த்தோரின் வாதம். ஒரே கிண்ணத்தில் பருகும் திருவிருந்தில் வரிசை எதற்கு என்பது மறுதரப்பின் வினா. யோவான் பகுதியின் அடிப்படையில் நோக்கின் இரண்டாவது வாதமே வலிமையுடையது. நண்பர் எனப்பட்டோர் அனைவரும் ஒரே அழைப்பால் அழைக்கப்பட்டவர்கள்; தேர்ந்துகொண்டவர் கிறிஸ்துவே என்று அப்பகுதி வெளிப்படையாகக் கூறுகின்றது. அவர் தேர்ந்தவரை விலக்கும் உரிமை பிறிதொரு நண்பருக்கு இல்லை. தமிழகத்தின் சில ஊர்களில் கிறித்தவக் கல்லறைத் தோட்டங்கள் இன்றும் சாதிவாரியாகப் பிரிந்து கிடப்பது, இவ்வினா இன்னும் முடியவில்லை என்பதைக் காட்டுகின்றது.

முடிவுரை

யோவான் நற்செய்தியில் கிறிஸ்துவோடு கொள்ளும் நட்பு தனிமனித உள்ளத்தின் இனிமையாக மட்டும் நின்றுவிடவில்லை. அடிமை நிலையை நீக்குவதும், அறிவைப் பகிர்வதும், நண்பரின் நண்பரை ஏற்பதுமாக அது விரிகின்றது. வகுப்பறையில் திருக்குறளின் நட்பதிகாரங்களைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், நண்பரை ஆராய்ந்து தேர்க என்னும் வள்ளுவரின் அறிவுரையோடு, தேர்வுரிமையைத் தலைவரிடமே விட்டு, அவர் தேர்ந்தோர் அனைவரையும் ஏற்கச் சொல்லும் இந்நட்பையும் ஒப்பிட்டு விளக்கலாம். முன்னது நட்பின் தகுதியை ஆராய்கின்றது; பின்னது நட்பால் தகுதி பெற்றோரைப் பற்றிப் பேசுகின்றது. இவ்வேறுபாட்டை மாணவர் உணர்வாராயின், 'நண்பர்' என்னும் சிறு சொல் ஒரு சமூகத்திடம் எவ்வளவு கேட்கின்றது என்பதையும் உணர்வர்.