பறவைக் காய்ச்சல்: தாராவி கோழிக்கடையும் தில்லியின் மூன்று அமைச்சகங்களும்

- நமது நாடாளுமன்றச் செய்தியாளர் -

புதுதில்லி: மும்பை தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய சந்துகளில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் கோழிக்கடைகளில் கூட்டம் நிற்கும். கம்பிக் கூண்டில் உள்ள கோழியை வாடிக்கையாளர் சுட்டிக்காட்ட, அது அவர் கண்ணெதிரிலேயே அறுக்கப்பட்டு, உரிக்கப்பட்டு, பையில் இடப்படுகிறது. கடைக்கு மேலேயே குடியிருப்பு. பக்கத்துச் சுவரை ஒட்டிக் குழந்தைகளின் விளையாட்டு. இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பரப்பில் பல லட்சம் பேர் வாழும் இப்பகுதியில் பறவைக்கும் மனிதருக்கும் இடையிலான தூரம் ஒரு கூண்டின் கம்பிதான்.

இந்தத் தூரத்தைத்தான் உலகெங்கும் விஞ்ஞானிகள் கவலையுடன் அளந்து வருகின்றனர். பறவைகளிடம் குடியிருக்கும் ஃப்ளூ வைரஸ் மனிதருக்குத் தாவுவது அரிது. ஆனால், அப்படித் தாவி வேரூன்றிய ஒவ்வொரு முறையும் உலகம் பெரும் விலை கொடுத்திருக்கிறது.

மும்பைக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. 2021 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் பர்பணி மாவட்டத்தில் பண்ணைக் கோழிகளுக்குப் பறவைக் காய்ச்சல் உறுதியானபோது, மும்பையில் இறந்து கிடந்த காகங்களிடமும் அது கண்டறியப்பட்டது. தமிழர்கள் மிகுதியாக வாழும் செம்பூரிலும் அப்போது காகங்கள் செத்து விழுந்தன.

பூட்டும் சாவியும்: காட்டு வாத்து உள்ளிட்ட நீர்ப்பறவைகளே ஃப்ளூ வைரஸின் தாய்வீடு. பல பறவைகளின் குடலில் நோயின் அறிகுறியே இல்லாமல் அது பெருகும். வைரஸின் மேற்பரப்பில் உள்ள ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் ஒரு சாவி போன்றது. உயிரணுவின் மேலுள்ள சியாலிக் அமிலம் பூட்டு. பறவைகளின் பூட்டும், மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள பூட்டும் அமைப்பில் சற்று வேறானவை. எனவே பறவை வைரஸ் மனிதரின் மூக்கில் எளிதாகக் கால் ஊன்றுவதில்லை.

ஆனால், மனிதரின் நுரையீரலின் ஆழத்தில் பறவைகளுடையதைப் போன்ற பூட்டுகள் உண்டு. நோயுற்ற கோழியை அறுக்கும்போதோ இறகு பறிக்கும்போதோ வைரஸை அதிக அளவில் சுவாசித்தால் அது அங்கே சென்று தங்கிவிடும். எச்5என்1 மனிதரிடம் கடும் நிமோனியாவை உண்டாக்குவதும், ஆனால் இருமல் வழியே அடுத்தவருக்கு எளிதில் பரவாததும் இதனால்தான் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். 2003 முதல் 2025 வரை உலகில் இந்நோய் கண்டோர் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இறந்தனர்.

பூட்டைத் திறந்தால் மட்டும் போதாது. உள்ளே பெருகவும் வேண்டும். பறவையின் உடல் சூடு சுமார் 41 டிகிரி. மனிதரின் மூக்கிலோ 33 டிகிரிதான். அந்தக் குளிர்ச்சியில் பறவை வைரஸ் மந்தமாகிறது. அதன் பி.பி.2 என்ற புரதத்தில் 627-வது இடத்தில் உள்ள ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் இந்தத் தடை பெருமளவு விலகுகிறது. நகலெடுக்கும்போது ஓயாமல் பிழை செய்யும் வைரஸுக்கு இத்தகைய மாற்றம் எட்டாக் கனி அல்ல.

இரண்டாவது வழி இன்னும் விரைவானது. ஃப்ளூ வைரஸின் மரபணு எட்டுத் தனித்தனித் துண்டுகளால் ஆனது. ஒரே உயிரணுவில் இரண்டு வகை வைரஸ்கள் புகுந்தால் துண்டுகள் இடம் மாறிப் புதிய வைரஸ் பிறக்கும். 1957, 1968 ஆண்டுகளின் கொள்ளை நோய்கள் மனித வைரஸும் பறவை வைரஸும் இவ்வாறு கலந்து உருவானவை. பன்றியின் உடலில் இருவகைப் பூட்டுகளும் இருப்பதால் அது கலவைப் பாத்திரம் எனப்படுகிறது. 2009-ம் ஆண்டின் பன்றிக் காய்ச்சல் வைரஸில் பறவை, மனிதர், பன்றி ஆகிய மூன்றின் வழிவந்த துண்டுகளும் இருந்தன. மெக்சிகோவில் புறப்பட்ட அது, அதே ஆண்டு ஆகஸ்ட் 3-ல் புனேயில் ஒரு பள்ளி மாணவியின் உயிரைப் பறித்தது. இந்தியாவில் அதன் முதல் பலி அது. சில நாள்களில் மும்பையின் பள்ளிகளும் திரையரங்குகளும் மூடப்பட்டன.

நெருங்கி வரும் அடிகள்: 2024 மார்ச்சில் அமெரிக்காவின் கறவை மாடுகளில் எச்5என்1 கண்டறியப்பட்டது. மாட்டின் மடியில் அது பெருகிப் பாலில் வெளியேறியது. அந்நாட்டில் அதன்பின் நோய் தொற்றியவர்களில் பெரும்பாலோர் பால் பண்ணை, கோழிப் பண்ணைத் தொழிலாளர்களே.

இந்தியாவிலும் அடையாளங்கள் உள்ளன. 2024 டிசம்பரில் நாகபுரியின் கோரேவாடா மீட்பு மையத்தில் 3 புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 தாக்கி இறந்தன. மகாராஷ்டிரத்தின் மேல்காட் பகுதியில் 17 மாதக் குழந்தையிடம் எச்9என்2 என்ற மற்றொரு பறவை வைரஸ் கண்டறியப்பட்டது 2019-ல் வெளியானது. 2021-ல் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் ஹரியாணாவைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவனும், 2025 மார்ச்சில் ஆந்திரத்தில் 2 வயதுச் சிறுமியும் எச்5என்1-க்குப் பலியாயினர். அச்சிறுமி சமைக்காத கோழி இறைச்சியை வாயில் இட்டதாகக் கூறப்பட்டது. நன்கு வெந்த கோழியையும் முட்டையையும் உண்பதால் இந்நோய் வருவதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஆபத்து உண்பவருக்கு அல்ல, அறுப்பவருக்கும் வளர்ப்பவருக்கும்தான்.

1918 சொல்லும் கணக்கு: ஒரு கொள்ளை நோய் வந்தால் அது எல்லோரையும் சமமாகத் தாக்காது என்பதை பம்பாய் நன்கறியும். 1918 ஜூனில் துறைமுகப் பகுதியில் பணியிலிருந்த காவலர்கள் சிலர் காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதில் தொடங்கியது அங்கே ஸ்பானிஷ் ஃப்ளூ. அக்டோபர் 6-ம் தேதி ஒரே நாளில் அந்நகரில் பதிவான மரணங்கள் 768. நாடு முழுவதும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பம்பாயில் ஐரோப்பியரிடையே இறப்பு ஆயிரத்துக்கு 8.3, சாதி இந்துக்களிடையே 18.9, தாழ்த்தப்பட்ட மக்களிடையே 61.6. வைரஸுக்குச் சாதி தெரியாது. நெரிசலான அறையும், குறைந்த உணவும், எட்டாத மருத்துவமும்தான் இந்த எண்களை எழுதின. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த தமிழர்கள் அன்றே தாராவியில் இருந்தனர்.

யார் பொறுப்பு?: இந்தக் கேள்வி நாடாளுமன்றத்தில் எழுந்தால் பதில் மூன்று மேசைகளில் பிரிந்து கிடக்கிறது. கோழிக்கு நோய் என்றால் கால்நடை பராமரிப்பு அமைச்சகம். காகத்துக்கும் புலிக்கும் சுற்றுச்சூழல், வனத் துறை அமைச்சகம். கோழிக்கடைத் தொழிலாளிக்குக் காய்ச்சல் என்றால் சுகாதார அமைச்சகம். அரசியல் சட்டமோ கால்நடை நோய்த் தடுப்பை மாநிலப் பட்டியலின் 15-வது இனத்திலும், பொது சுகாதாரத்தை அதே பட்டியலின் 6-வது இனத்திலும், மாநிலம் விட்டு மாநிலம் நோய் பரவுவதைத் தடுப்பதைப் பொதுப் பட்டியலின் 29-வது இனத்திலும் வைத்துள்ளது. கூண்டில் ஓரடி தாண்டும் வைரஸ் அரசாங்கத்தில் மூன்று எல்லைகளைத் தாண்டுகிறது.

2006 பிப்ரவரி 18-ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் நாட்டின் முதல் பறவைக் காய்ச்சல் அறிவிக்கப்பட்டபோது பட்ஜெட் கூட்டத்தொடர் தொடங்கியிருந்தது. வேளாண் அமைச்சராக சரத் பவாரும், சுகாதார அமைச்சராக அன்புமணி ராமதாஸும் இருந்தனர். கோழிகள் லட்சக்கணக்கில் அழிக்கப்பட்டன. மனிதர் எவருக்கும் தொற்று உறுதியாகவில்லை. பண்ணைகளில் அடைத்து வளர்க்கப்பட்ட கோழிகளை அடையாளம் காண்பது எளிதாக இருந்தது. 2008-ல் மேற்கு வங்கத்தில் நிலைமை வேறு. அங்கே வீட்டுக்கொல்லையில் திரிந்த கோழிகளும் வாத்துகளும் உள்பட 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளை அழிக்க வேண்டியிருந்தது. பலர் தங்கள் பறவைகளைக் காட்டிக்கொடுக்கத் தயங்கினர்.

அந்தத் தயக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. தற்போதைய செயல்திட்டப்படி நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகள் அழிக்கப்படுகின்றன. அழித்த பறவை, முட்டை, தீவனத்துக்கு இழப்பீடு உண்டு. மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி ஏற்கின்றன. ஆனால், மாதக்கணக்கில் வியாபாரம் படுத்துப்போகும் சில்லறைக் கடைக்காரருக்கும், அவரிடம் தினக்கூலிக்குக் கோழி உரிப்பவருக்கும் அதில் இடமில்லை. செத்த கோழியைப் பற்றிச் சொன்னால் பிழைப்பு போகும் என்ற நிலையில் முதல் தகவல் யாரிடமிருந்து வரும்?

வழி இல்லாமல் இல்லை: 1997-ல் எச்5என்1 முதன்முதலாக மனிதரைத் தாக்கியது ஹாங்காங்கில். 18 பேருக்கு நோய். 6 பேர் பலி. உயிர்க்கோழி விற்பனைச் சந்தைகளே ஊற்றுக்கண் என்று அறிந்த அந்நகரம், 2001 முதல் மாதம் ஒரு நாள் சந்தைகளை மூடிக் கழுவ உத்தரவிட்டது. 2008-ல் கடைகளில் இரவு முழுவதும் உயிர்க்கோழி வைத்திருக்கத் தடை விதித்தது. இவை பெரும் செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

தாராவிக்கும் தன் அனுபவம் உண்டு. 2020 ஏப்ரலில் கொரோனா நுழைந்தபோது உள்ளூர் மருத்துவர்களும் மாநகராட்சிப் பணியாளர்களும் வீடு வீடாகச் சென்று காய்ச்சல் கண்டவர்களைக் கண்டறிந்தனர். பள்ளிகளும் மண்டபங்களும் தனிமைப்படுத்தும் இடங்களாயின. உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே அதைப் பாராட்டினார். காய்ச்சலுடன் வருபவரிடம் என்ன தொழில் செய்கிறீர்கள், கோழி தொட்டீர்களா என்று கேட்கும் பழக்கத்தை அதே ஏற்பாட்டில் சேர்ப்பது கடினமல்ல. அந்தப் பதில் கால்நடைத் துறைக்கும் அன்றே போய்ச் சேர வேண்டும்.

மத்திய அரசு இதை உணராமல் இல்லை. மனிதர், விலங்கு, சூழல் மூன்றையும் ஒன்றாகக் கவனிக்கும் தேசிய நிறுவனத்துக்கு 2022 டிசம்பரில் நாகபுரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து செயல்படும் தேசிய ஒன் ஹெல்த் இயக்கத்தின் இயக்குநர் பதவிக்கு 2024 பிப்ரவரியில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆனால், ஆய்வகத்துக்கு மாதிரி வந்து சேர்ந்தால்தான் ஆய்வகம் பயன்படும். மாதிரி புறப்பட வேண்டிய இடம் கோழிக்கடை.

தாராவி மறுசீரமைப்பு குறித்த விவாதங்களில் வீட்டின் சதுர அடியே பெரிதும் பேசப்படுகிறது. கழுவ நீரும் வடிகாலும் உள்ள இறைச்சிக் கடைகள், அங்கே வேலை செய்வோருக்கு முகக்கவசமும் கையுறையும், நோய் பரவும் காலத்தில் இழக்கும் கூலிக்கு ஈடு ஆகியவையும் அந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டும். 1918-ல் ஆயிரத்துக்கு 61 பேரை இழந்தவர்களுக்கு அந்நகரம் இன்னும் பாக்கி வைத்திருக்கும் கணக்கு அது. மும்பையின் உறுப்பினர்களோ தமிழக உறுப்பினர்களோ அடுத்த கூட்டத்தொடரில் இதைக் கேள்வியாக எழுப்பினால், மூன்று அமைச்சகங்களும் சேர்ந்து ஒரே பதில் தர வேண்டிய கட்டாயம் ஏற்படும்.