பக்ரீத் தோலுக்கு ஏன் உப்பு? ஃப்ரீசரில் வைத்தால் என்ன?

ஹைதராபாத்தில் பக்ரீத் சமயத்தில் ஆயிரக்கணக்கான ஆட்டுத்தோல்கள் ஒரே நேரத்தில் சேரும். வியாபாரிகள் அவற்றை வாங்கி, உப்பு தடவி, தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள்.

என்ன அவசரம்?
உரித்த சில மணி நேரத்திலேயே பாக்டீரியா வேலையைத் தொடங்கிடும். முடி உதிரும், மேல்பரப்பு கெடும், விலை சரியும். தோல் எடையில் சுமார் 40% உப்பு போட்டால், ஈரத்தை இழுத்து அழுகலைத் தடுக்கும்.

ஃப்ரீசரில் வைக்கலாமே?
தாராளமா வைக்கலாம். ஒன்றிரண்டு தோலுக்கு வீட்டு ஃப்ரீசரே போதும். ஆனால் குளிரில் பாக்டீரியா முடங்குமே தவிர, முழுசா சாகாது. உறைநிலை விட்டதும் உடனே பதனிடணும். ஆயிரக்கணக்கில் என்றால் குளிர்கிடங்கு, குளிர்சாதன லாரி எல்லாம் வேணும். அதோடு ஒப்பிட்டால் உப்பு ரொம்ப மலிவு.

நிஜமாவே மலிவா?
பதனிடும் முன் தோலை ஊறவைக்கும்போது அந்த உப்பு கழிவுநீரில் கரையும். வழக்கமான சுத்திகரிப்பில் அது நீங்காது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பகுதிகளில் பாலாறும் கிணறுகளும் தோல் கழிவால் பாழான வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தரணும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஹைதராபாத்தில் மிச்சமாகும் குளிர்பதனச் செலவோடு இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.