கரைப்பானும் வினைப்பொருளும்

கரிமச் சேர்மங்களை ஆக்குங்கால் பயன்படும் பொருள்களுள் சிலவற்றை வினைப்பொருள் என்றும், சிலவற்றைக் கரைப்பான் என்றும் வேதியியலார் பிரிப்பர். சேர்மத்தை மாற்றுவது வினைப்பொருள்; அம்மாற்றத்திற்கு இடந்தரும் நீர்மம் கரைப்பான். தொல்காப்பியர் கூறும் தொழின்முதனிலை எட்டனுள் வைத்து நோக்கின், மாற்றமுறும் சேர்மம் செயப்படுபொருளும், வினைப்பொருள் கருவியும், கரைப்பான் நிலமும் ஆம் எனலாம். இப்பாகுபாடு கற்பார்க்குத் துணைசெய்யும். ஆயினும் எல்லாவிடத்தும் ஒப்ப நில்லாது. கிரிக்னார்டு வினை இதற்குத் தக்க சான்றாகும்.

பிரான்சு நாட்டு இலியோன் நகரில் பார்பியே என்பாரிடம் பயின்ற விக்டர் கிரிக்னார்டு, 1900ஆம் ஆண்டில் இவ்வினையை வெளியிட்டார். உலர்ந்த ஈதரில் மக்னீசியத் துருவலை இட்டுக் கரிம ஹாலைடைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பின், புதியதொரு வினைப்பொருள் தோன்றும். அஃது ஆல்டிஹைடுடனோ கீட்டோனுடனோ கூடியபின், நீர்த்த அமிலத்தைச் சேர்க்க ஆல்கஹால் கிட்டும். கார்பனோடு கார்பனைப் பிணைக்கும் இவ்வழியைக் கண்டமைக்காக 1912இல் அவர் நோபல் பரிசினைச் சபாத்தியேயுடன் பகிர்ந்துகொண்டார்.

இவ்வினையில் ஈதரின் தொழில் யாது? ஈதரின் ஆக்சிஜன் அணுவில் பிணைப்புறாத எலக்ட்ரான் இணைகள் உள. அவற்றுள் ஒன்றை மக்னீசியத்திற்கு ஈந்து, வினைப்பொருளை ஈதர் நிலைபெறச் செய்கிறது. 1960களில் எக்ஸ் கதிர்கொண்டு ஆராயப்பட்ட இவ்வகைப் படிகங்களில், ஒரு மக்னீசிய அணுவோடு ஈரீதர் மூலக்கூறுகள் பிணைந்திருத்தல் காணப்பட்டது.

ஈதர் வெறும் நிலமாயின், அதனை மாற்றுதலால் வினை வேறுபடுதல் கூடாது. ஆனால் ஈதரில் எளிதில் வினைபுரியாத வினைல் குளோரைடு, டெட்ராஹைட்ரோபியூரானில் வினைபுரிகிறது. 1950களில் நோர்மான் என்னும் பிரான்சு அறிஞர் இவ்வகை வினைகளை நிறுவினார். வளைய அமைப்பால் இதன் ஆக்சிஜன் மக்னீசியத்தை எளிதில் அணுகி உறுதியாகப் பற்றுதலே காரணம். மற்று, பலவினைகட்குக் கரைப்பானாகும் நீரோ, ஈண்டுச் சிறிது புகினும் வினைப்பொருளை ஹைட்ரோகார்பனாக மாற்றிக் கெடுத்துவிடும்.

ஆகவே கரைப்பான் என்பது பொருளின் பெயரன்று. ஒரு வினையில் அப்பொருள் ஏற்கும் நிலையின் பெயர். கலைச்சொல் விளக்கம் எழுதுவார் அதனை 'வினையிற் கலவாத நீர்மம்' என வரையறுப்பின், உலர்ந்த நீர்மம் எதுவும் ஈதருக்கு ஈடாகும் என மாணவர் மயங்குவர். ஒரு பெயர் ஏற்கும் வேற்றுமையை அது கொண்டு முடியும் சொல் துணிதல்போல, ஒரு நீர்மத்தின் நிலையை அது புகும் வினையே துணியும். நிலமாய் நிற்பது கருவியாதலும் உண்டு என்பதனையும் அவ்விளக்கம் உள்ளடக்குதல் வேண்டும்.