கடற்புல் மேயும் ஆவுளியா



தறியோசை கேட்டு வளர்ந்த நம் ஆரணி மக்களுக்குக் கடல் தொலைவானதே. எனினும் நம் தமிழகக் கடலில் வாழும் ஓர் அரிய உயிரினத்தைப் பற்றி நாம் அறிந்திருப்பது அவசியமாகும். மீனவர்கள் அதனை 'ஆவுளியா' என்பர். 'கடற்பசு' என்றும் அதற்குப் பெயருண்டு.

இதனைக் கடற்சிங்கத்துடன் குழப்பிக்கொள்ளலாகாது. கடற்சிங்கம் நம் கடலில் வாழ்வதில்லை. அது மீனையும் கணவாயையும் வேட்டையாடி உண்டு, கரையேறி இளைப்பாறும். ஆவுளியாவோ கரையேறுவதே இல்லை. அதன் உணவு கடற்புல். நிலவாழ் உயிரினங்களுள் யானையே அதற்கு நெருங்கிய உறவு.

அதன் தோற்றத்தைக் கவனியுங்கள். சுமார் 3 மீட்டர் நீளமும் 300 கிலோவுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட பருத்த உடல். சாம்பல் நிறத் தோல். துடுப்பு போன்ற இரு முன்கால்கள். திமிங்கலத்தினது போன்று பிளவுபட்ட வால். முகம் கீழ்நோக்கி வளைந்திருப்பதால் கடலடிப் புல்லை வேரோடு பிடுங்கித் தின்ன இயலுகிறது. நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் உண்ணும். அது மேய்ந்த இடம் உழுத சால் போலக் காட்சியளிக்கும்.

கடற்புல் வளர வெயில் புகும் ஆழமற்ற நீர் வேண்டும். ஆதலால் பாக் நீரிணை, மன்னார் வளைகுடா, கட்ச் வளைகுடா, அந்தமான் நிக்கோபார் ஆகிய பகுதிகளிலேயே இந்தியாவில் இது வாழ்கிறது. எஞ்சியிருப்பவை சில நூறே என ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர்.

ஏன் இந்த நிலை? ஆவுளியா மீனன்று, பாலூட்டி. சில நிமிடங்களுக்கொருமுறை மேலே வந்து மூச்சு விட வேண்டும். வலையில் சிக்கினால் நீருக்குள்ளேயே மூச்சுத் திணறி மாண்டுவிடும். அது ஓராண்டுக்கு மேல் கருவைச் சுமந்து, பெரும்பாலும் ஒரே குட்டியை ஈனும். மறு ஈற்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். எனவே ஒன்றை இழப்பினும் அதை ஈடுசெய்தல் எளிதன்று. இதன் உறவினமாகிய ஸ்டெல்லர் கடற்பசு 1741இல் கண்டறியப்பட்டு, வேட்டையினால் 27 ஆண்டுகளிலேயே அடியோடு அழிந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்!

1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி இதனைக் கொல்வதும் இதன் இறைச்சியை விற்பதும் குற்றமாகும். 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களையொட்டிய பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலை கிழிந்தாலும் பரவாயில்லை என்று அறுத்து விடுவித்த மீனவர்களும் உண்டு. அன்றாட வருவாயை நம்பி வாழ்வோர் செய்த இத்தியாகம் சிறிதன்று.

பாவில் ஓரிழை அறுந்தால் நெசவாளர் உடனே தறியை நிறுத்திப் பிணைக்கிறார். கடற்புல்லும் அதனை மேயும் ஆவுளியாவும் அப்புல்லிடையே வளரும் மீன்குஞ்சுகளும் அவ்வாறு பிணைந்த இழைகளே. கடலோரம் செல்லும்போது இதன் இறைச்சி மருந்து என்று எவரேனும் கூறினால், உறுதியாக மறுத்துவிடுங்கள். படைத்தவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்களுள் இந்த வாயில்லா ஜீவனும் ஒன்றல்லவா?