பைபாஸுக்குப் பிறகு

கொல்கத்தாவில் பணியாற்றும் நமக்கு 'பைபாஸ்' என்றால் இரண்டு பொருள். ஒன்று, நகரின் கிழக்கோரம் செல்லும் ஈ.எம். பைபாஸ் சாலை. மற்றொன்று, அச்சாலையையொட்டி முகுந்தப்பூரில் உள்ள இரவீந்திரநாத் தாகூர் இதய மருத்துவமனை போன்ற இடங்களில் நடைபெறும் அறுவைச் சிகிச்சை. இந்தியாவில் இது முதன்முதலாக 1975இல் சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியனால் செய்யப்பட்டது.

அடைபட்ட இதயத் தமனியைத் தாண்டி இரத்தம் செல்ல இச்சிகிச்சை புதுவழி அமைக்கிறது. அடைப்பை உண்டாக்கிய நோயோ உடலில் நீடிக்கிறது. மார்பின் உட்புறத் தமனியால் அமைத்த வழிகளில் பத்தில் ஒன்பது, பத்தாண்டு கடந்தும் திறந்திருக்கின்றன. காலிலிருந்து எடுத்த சிரைகளில் ஏறத்தாழப் பாதி அதற்குள் அடைபடவோ பழுதுறவோ கூடும்.

முன்னாள் ரிசர்வ் வங்கி ஆளுநர் டாக்டர் மன்மோகன் சிங் 1990இல் இச்சிகிச்சை பெற்றார். பிரதமராக இருந்த காலத்தில், 2009 சனவரியில், தில்லி எய்ம்ஸில் மீண்டும் செய்துகொண்டார். 2014 வரை அப்பொறுப்பை வகித்த அவர், 2024 டிசம்பரில் 92ஆம் வயதில் மறைந்தார்.

வலி நின்றதும் மாத்திரையை நிறுத்துவோர் நம்மிடையே பலர். மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரினையும் கொழுப்பைக் குறைக்கும் மருந்தையும் நிறுத்தலாகாது. புகையிலையை விடுதலும், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்துதலும், அன்றாட நடையும் இன்றியமையாதவை. ஆகவே, சிகிச்சைக்குப் பணம் ஒதுக்கும்போதே, பின்வரும் ஆண்டுகளின் மருந்துக்கும் பரிசோதனைக்கும் சேர்த்தே ஒதுக்குவோமாக.