ஒரு வரைபட மென்பொருளைக் கேட்டால் லினக்ஸ் ஏன் ஒரு படையையே இறக்குகிறது?

லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை நிறுவச் சொல்லிப் பாருங்கள். கேட்டது ஒன்று, திரையில் ஓடுவதோ நீளமான பட்டியல். ‘தொடரலாமா?’ என்று வேறு கேட்கும். வைரஸோ என்று பதற வேண்டாம்.

சாம்பார் வைக்கப் பருப்பு, புளி, பொடி எல்லாம் வேண்டும். சமையலறை டப்பாக்களைத் திறந்து பார்த்து, இல்லாததை மட்டும்தானே வாங்குவீர்கள்? உபுண்டுவில் மென்பொருள்களை நிறுவித் தரும் ‘ஆப்ட்’ செய்வதும் அதையேதான்.

2002-இல் கேரி ஷெர்மன் தொடங்கிய கியூஜிஐஎஸ், எல்லா வேலையையும் தானே செய்வதில்லை; துணை மென்பொருள்களிடம் விடுகிறது. வரைபடக் கோப்புகளைப் படித்துத் தருவது ஜிடால். உருண்டைப் பூமியைத் தட்டைத் திரையில் விரிக்கும் கணக்கு பிராஜுடையது. இந்தக் கிணறு அந்த ஊர் எல்லைக்குள் வருகிறதா என்று பார்க்க ஜியாஸ் வேண்டும். இவற்றுக்கும் துணைகள் உண்டு! ஆப்ட் அந்தச் சங்கிலியைக் கடைசிக் கண்ணிவரை பிடித்துப் போய், உங்கள் கணினியில் இல்லாதவற்றை மட்டும் இறக்குகிறது.

லாபம் என்ன? ஒரே பிராஜைப் பல மென்பொருள்கள் பங்கிட்டுக்கொள்ளும். இடம் மிச்சம்.

ஆப்ட் மென்பொருள்களை எடுத்துவரும் உபுண்டு களஞ்சியத்தில் பெரும்பாலும் சற்றுப் பழைய பதிப்புதான் கிடைக்கும். புதியது வேண்டுமானால் கியூஜிஐஎஸ் குழுவின் களஞ்சியத்தை, அதன் நம்பகத்தைச் சரிபார்க்கும் கையொப்பச் சாவியோடு சேருங்கள். அது உங்கள் உபுண்டுப் பதிப்புக்கு உரியதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதிப்பு மாறினால் துணைகள் பொருந்தாமல் போகலாம்.